கள்ளில்லாமல் பொங்கிய மாவு

கடலைக் கல்லால் அடைத்தார்களே, அந்தக் காலத்தில் ரெங்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஜொகூர் பாருவுக்கு வந்தவள் அங்காயி. காளியப்பன் பெண்டாட்டி. காளியப்பனுக்கு உடன்பிறந்த தங்கைகள் மூன்று பேர். மூத்தவளை ரெங்கத்திலேயே கட்டிக்கொடுத்தது. நடுவுள்ளவள் கப்பலில் வரும்போதே காய்ச்சலில் போய்விட்டாள். கடைசிக்காரி குளுவாங்கில் வாக்கப்பட்டாள். அங்காயிக்கு ஒரே மகள், ராசம்மா. அந்த ராசம்மா வழியில் வந்தவர்கள்தான் இன்றைக்குப் பெர்மாஸ் ஜெயாவில் அடுத்தடுத்து வீடு வாங்கிக் குடியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு ஆப்பத்தைத் தின்றுவிட்டு, "இது எந்த ஊர்ப் பக்குவம்?" என்று கேட்காத விருந்தாளி கிடையாது. அது எந்த ஊர்ப் பக்குவமும் இல்லை. ஒரு சந்தில் பிறந்த பக்குவம்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் ஆள் குறைத்த வருசம் அது. கடலுக்குக் குறுக்கே சிங்கப்பூருக்குப் பாதை போடுகிறார்கள், கல் சுமக்க ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி வந்ததும், காளியப்பன் குடும்பத்தோடு ரயிலேறிவிட்டான். தோட்டத்து லயத்து வீட்டை விட்டு இறங்கும்போது அங்காயி திரும்பிப் பார்க்கவில்லை. விடியுமுன் பிரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தி, கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, மாடு தலையாட்டுகிற மாதிரி "ஆமாங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்குக் கசந்துபோயிருந்தது. "இனிமே யாரும் கூப்பிட்டு நான் வரிசையில நிக்க மாட்டேன். எம்மவளும் நிக்க மாட்டா" என்றாள் ரயிலில். காளியப்பன் சிரித்தான். "ராணியம்மா உத்தரவு" என்றான்.

ஆனால் கல் அவனைப் பார்த்துச் சிரித்தது. ஓடத்திலிருந்து இறக்கின கருங்கல் ஒன்று உருண்டு வலது பாதத்தை நசுக்கிவிட்டது. உயிர் தப்பியது பெரிது. அதன்பிறகு அவன் நின்று செய்கிற வேலைக்கு ஆகவில்லை. அங்காயி படகுத்துறையில் ஒரு மரத்தடியில் அடுப்பு மூட்டி ஆப்பம் சுட உட்கார்ந்தாள். காளியப்பன் காலை நீட்டிக்கொண்டு ஆட்டுக்கல்லில் மாவாட்டினான். ஆம்பிளை மாவாட்டுகிறான் என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேலி பேசினார்கள். "கல்லு என் காலை ஒடிச்சுது. நான் இந்தக் கல்லைச் சுத்த வச்சுப் பழி வாங்குறேன்" என்பான் அவன்.

படகுத்துறையில் அப்போது கூட்டத்துக்குக் குறைவில்லை. சிங்கப்பூர் போகிறவர்களும் வருகிறவர்களும் படகுக்குக் காத்துக்கிடப்பார்கள். அதுபோக, கல் சுமக்கிற ஆயிரக்கணக்கான ஜனம். எவனுக்குப் பசிக்காது?

பாதை முடிந்து முதல் ரயில் கடல்மேல் போன நாளை அங்காயி சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு வருசமாகக் கல்லைக் கல்லைக் கொட்டி, கடல் விழுங்க விழுங்கக் கொட்டி, கடைசியில் கடலே போதும் என்று வாயை மூடிக்கொண்டது. இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் தண்ணீர். நடுவில் புகை விட்டுக்கொண்டு ரயில் போகிறது! ராமர் அணை கட்டினார் என்று கேட்டிருக்கிறோம், பார்த்தவர் யார்? அங்காயி பார்த்தாள். கையில் மாவுக் கரண்டியோடு எழுந்து நின்று கும்பிட்டாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "எம் புருசன் காலு அதுக்குள்ளதான் இருக்கு" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் பெருமையாகச் சொன்னாள்.

கும்பிட்ட கையை இறக்கித் திரும்பிப் பார்த்தால், அவள் அடுப்புக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

ரயில்தான் நிற்காமல் போகிறதே, படகுக்கு எவன் காத்திருப்பான்? கல் சுமந்த ஜனமும் கலைந்து போயாயிற்று. ஒரு மாதத்தில் படகுத்துறை வெறிச்சோடிவிட்டது. அங்கே தனித்தனியாக உட்கார்ந்திருந்தவர்கள் ஈ ஓட்டினார்கள். டீயும் ரொட்டியும் போட்டுக்கொண்டிருந்த உதுமான், வடை சுண்டல் விற்ற அர்ச்சுனன், இலையில் கட்டிய நாசிச் சோற்றுப் பொட்டலம் விற்ற ஒரு மலாய்ப் பெரியவர், இன்னும் இரண்டு மூன்று பேர். ஆளுக்கொரு பக்கம் பிழைப்புத் தேடக் கிளம்பினார்கள்.

அங்காயி ஒரு காலைப்பொழுது முழுக்க ரயிலடிப் பக்கம் சுற்றி வந்தாள். ரயிலடிக்கும் சந்தைக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தின் வாயில்தான் மாட்டு வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு நேரே உதுமானிடம் வந்தாள்.

"காக்கா, நீங்களும் நானும் பக்கத்துல பக்கத்துல உக்காரலாம்."

உதுமான் கீழக்கரைப் பக்கத்து மனிதர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். ஆள் மெலிவு, பேச்சு குறைவு, டீ கையில் இருந்தால் மட்டும் ராஜா. "பக்கத்துல உக்காந்தா என் ரொட்டியை யார் வாங்குவா, தங்கச்சி? எல்லாரும் உன் ஆப்பத்துக்குப் போயிருவான்."

"நீங்க ரொட்டி போடாதீங்க. டீ மட்டும் போடுங்க."

"அடேயப்பா! என் கடைக்கு நீ கங்காணியா?"

"கோவிக்காதீங்க காக்கா, கேளுங்க. வண்டிக்காரன் மாட்டை ஒரு தடவைதான் அவுப்பான். அவுத்த இடத்துலயே பசியும் தீரணும், தாகமும் தீரணும். நான் ஒரு மூலை, நீங்க ஒரு மூலைன்னா அவன் ரெண்டு பேருக்கிட்டயும் வர மாட்டான். நீங்க டீ, நான் ஆப்பம், அர்ச்சுனன் வடை, அந்தப் பெரியவர் நாசி. ஒருத்தர் அடுப்புல வேகுறது இன்னொருத்தர் அடுப்புல வேகக் கூடாது. எந்தப் பலகையில உக்காந்தாலும் எல்லாம் கிடைக்கும். எல்லாம் இலையிலதான், யார் தட்டு யார் தட்டுன்னு பேச்சே வராது."

உதுமான் ஒரு குவளை டீயை உயரத் தூக்கி ஆற்றி, நுரை அடங்குகிறவரை யோசித்தார். பிறகு அந்தக் குவளையை அவளிடமே நீட்டினார். அதுதான் சம்மதம்.

எழுதப் படிக்கத் தெரியாத பொம்பிளை இதை எங்கே கண்டாள்? எவன் போட்டிக்காரனோ அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைக்கிற புத்தி யாருக்கு வரும்? வந்தது. சந்தில் முதலில் நாலு அடுப்பு. அப்புறம் சோயாத் தண்ணீர் விற்கிற சீனர் ஒருத்தர் தானாக வந்து ஓரத்தில் தோள்சுமையை இறக்கினார். கீழ்வானம் வெளுக்கும்போது சந்தின் வாயில் நின்று பார்த்தால், வரிசையாக நெருப்பு. ஒன்றை ஒன்று பார்த்து எரிகிற மாதிரி. வண்டிமாடுகள்கூட அந்த இடம் வந்தால் தானாக நின்றுவிடுமாம். உதுமான் பலகையில் உட்கார்ந்த மலாய் வண்டிக்காரர்களும், கடற்கரை ஊர் முஸ்லிம் மூட்டை தூக்கிகளும், டீ வாங்கிய கையோடு அங்காயியிடம் ஆப்பம் வாங்கித் தின்றார்கள். ஆப்பம் விளிம்பில் முறுகி, நடுவில் பஞ்சு மாதிரி இருக்கும்.

அந்தப் பஞ்சுதான் பிறகு நெருப்பாக வந்தது.

ஒருநாள் சந்தைக் கூட்டம் நெரிகிற காலைவேளை. அர்ச்சுனனுக்கு ஒரு மச்சினன் உண்டு, தென்னை சீவுகிறவன். அர்ச்சுனனுக்குத் தொண்டையும் பெரிது. மச்சினன் கொடுத்த மண்முட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, வழக்கமாகப் பின்வழியாக வருகிறவன், அன்றைக்குக் கூட்டத்துக்கு நடுவே வந்தான்.

"அக்கா! இன்னிக்குக் கள்ளு பொங்கிக்கிட்டு வருது பாரு! மாவு சட்டியை விட்டுக் குதிக்கும்!"

உதுமான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். மேலே போன கை மேலேயே நின்றது.

"எந்த மாவுக்கு?" என்று கேட்டார்.

"ஆப்ப மாவுக்குத்தான் காக்கா. வேற எதுக்கு? குடிக்கவா இவ்வளவு!" என்று சிரித்தான் அர்ச்சுனன்.

அங்காயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கள்ளு விடாம ஆப்பம் எப்படி எழும்பும் காக்கா? உங்க ஊர்ல விட மாட்டாங்களா?" என்று வெள்ளையாகக் கேட்டாள். அவள் ஊரில் ஆப்பம் என்றால் கள். அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி என்று இருந்துவிட்டாள். அவர் ஊரில் ஆப்பம் என்றால் புளித்த தேங்காய்த் தண்ணீர். அதுவும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி என்று அவரும் கேட்காமல் இருந்துவிட்டார். இரண்டு பேர்மேலும் குற்றம் இல்லை. ஆனால் பலகையில் உட்கார்ந்திருந்தவர்கள் வாயில் இருந்தது என்னவோ ஆப்பம்தான்.

தமிழ் தெரிந்த மூட்டை தூக்கி ஒருவன் மலாயில் எடுத்துச் சொல்ல, "அலமாக்!" என்று அலறிக்கொண்டு ஒரு வண்டிக்காரர் எழுந்து துப்பினார். ஒருவர் பின் ஒருவராக எழுந்து வாய் கொப்புளித்தார்கள். யாரும் அங்காயியைத் திட்டவில்லை. எல்லாரும் உதுமானைத்தான் பார்த்தார்கள். அவர் பலகையில், அவரை நம்பி உட்கார்ந்தவர்கள்.

உதுமான் வாளித் தண்ணீரைத் தூக்கித் தன் அடுப்பிலேயே கொட்டினார். புஸ்ஸென்று சாம்பல் எழும்பிச் சந்து முழுவதையும் மூடியது. சந்து தொடங்கியதிலிருந்து அணையாத அடுப்பு அது. குவளைகளைக் கூடையில் போட்டுக்கொண்டு மலாய்க்காரர் குடியிருக்கிற கம்பத்தில் தன் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

டீ போனதும் சந்தே போயிற்று. வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்க்காமல் தாண்டிப் போனார்கள். சீனரும் தோள்சுமையைத் தூக்கினார். அர்ச்சுனன் வடையை அவனே தின்றான்.

"வேற டீக்காரனைப் பிடிச்சுட்டு வரேன் அக்கா. ஊர்ல டீக்காரனா இல்ல?" என்றான்.

"எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்தாலும், அவரு வாயில மண்ணைப் போட்டவ நான்தானே? அந்த மனுசன் தொழுகைக்குப் போனா அவர் சனத்துக்கு என்ன பதில் சொல்லுவாரு?"

அந்த வாரமே ரெங்கத்திலிருந்து காளியப்பனின் மூத்த தங்கை சொல்லியனுப்பினாள். ரப்பர் விலை ஏறுதாம், லயத்தில் அறை காலியாக இருக்காம், கங்காணி உங்களை விசாரித்தாராம். காளியப்பன் ஆட்டுக்கல்லைப் பார்த்துக்கொண்டு, "போயிறலாமா?" என்று மெதுவாகக் கேட்டான். அங்காயி ராசம்மாவைப் பார்த்தாள். ரப்பர் பால் வெட்டுகிற கத்தி பிடிக்கிற வயது வந்துவிட்டது மகளுக்கு.

மறுநாள் காலை அவள் செய்தது சந்தே வாய் பிளந்த காரியம். மாவுச்சட்டி, ஆப்பச்சட்டி, கள் ஊற்றிவைக்கும் முட்டி எல்லாவற்றையும் கடைக்கு முன்னால் நடுத்தெருவில் கொண்டுவந்து அடுக்கினாள்.

"அடியே, என்ன பண்றே!" என்று காளியப்பன் ஒற்றைக் காலில் எழுந்தான். "கடை வாசல்ல சட்டி ஒடைக்கிறதா? கொள்ளிக்குடம் ஒடைக்கிற மாதிரி! இதைவிட அபசகுனம் உண்டா?"

"செத்தது செத்துப்போச்சு. அப்ப ஒடைக்கத்தானே வேணும்?" என்று சொல்லி, மண்ணுக்குள் ஊறின கள்ளோடு ஒவ்வொன்றாகப் போட்டு உடைத்தாள். சந்தைக்குப் போன மலாய் வண்டிக்காரர் இரண்டு பேர் மாட்டை நிறுத்திப் பார்த்தார்கள். தோள்சுமையோடு அந்த வழியே போன சீனரும் நின்று பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

புதுச் சட்டி வாங்கியாயிற்று. மாவு எழும்ப வேண்டுமே! பழைய சோற்றைப் போட்டுப் பார்த்தாள், தேங்காய்த் தண்ணீரை விட்டுப் பார்த்தாள். அவசரத்துக்கு எதுவும் வசப்படவில்லை. ஆப்பம் தட்டையாக, கெட்டியாக வந்தது. அர்ச்சுனன் ஒன்றைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தான்.

"அக்கா, இதை வண்டிச் சக்கரத்துல மாட்டலாம். கோலாலம்பூர் வரைக்கும் தேயாது."

"உன் வாயிலதான்டா முதல்ல மாட்டணும். அதனாலதான் வந்துச்சு எல்லாம்."

அப்போதுதான் மைமூன் சந்துக்குள் வந்தாள். உதுமான் இங்கே வந்து கட்டிய மனைவி. அப்பா நாகூர்ப் பக்கம், அம்மா இந்த ஊர் மலாய்க்காரி. வீட்டை விட்டு அதிகம் வெளியே வராதவள், பட்டப்பகலில், தலையில் முக்காட்டோடு, அத்தனை பேர் பார்க்க வந்து அங்காயி முன்னால் குந்தினாள். கையிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று சின்னச் சின்ன வில்லைகள்.

"சட்டி ஒடைச்சீங்கன்னு வண்டிக்காரங்க வந்து அவருக்கிட்ட சொன்னாங்க அக்கா. அவரு சோறு திங்காம உக்காந்திருந்தாரு" என்றாள். "இது எங்க அம்மா வீட்டுல தாப்பாய்ங்கிற புளிச்ச சோத்துப் பலகாரம் செய்யப் போடுறது. சோத்துல தூவி மூடி வச்சா இனிப்பா, புளிப்பாப் பொங்கும். அதுல ஒரு கை மாவுல கரைச்சாப் போதும். எங்க கம்பத்துல அப்பம் அப்படித்தான் சுடுவோம்."

"இதுல ஒண்ணும் தப்பு இல்லையேம்மா? இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது."

"நோன்புப் பெருநாளுக்கே எங்க வீட்டுல தாப்பாய்தான், லா." மலாய் இழுவையோடு சொல்லிவிட்டு மைமூன் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அவரு ஒண்ணு சொன்னாரு. 'அவ வார்த்தையை நான் நம்புவேன். பலகையில உக்காருறவன் நம்பணுமே'ன்னாரு. அதனால மாவை நீங்க ஆட்டுங்க. ரெண்டு நாளைக்கு முந்தி மூடி வச்ச சோறு எங்க வீட்டுல தயாரா இருக்கு, பொங்குறது அங்கேயே பொங்கட்டும். சாயங்காலம் நான் வந்து எடுத்துட்டுப் போறேன்."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மைமூன் வந்து சேர்ந்தபோது அங்காயி வீட்டில் விளக்கு வைத்தாகிவிட்டது.

காளியப்பன் மாவுச்சட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். "வெள்ளிக்கிழமை, விளக்கு வச்சாச்சு. இப்ப மாவு, உப்பு, நெருப்பு எதுவும் வெளிய போகக் கூடாதுடி. போனா மகாலெட்சுமியும் கூடவே போயிருவா. நாளைக்குக் காலையில வரச் சொல்லு."

நாளைக்குக் காலை என்றால் இன்னொரு நாள். இன்னொரு நாள் விற்பனை இல்லையென்றால் ரெங்கத்துக்குத் திரும்புகிற ரயில்தான். வாசலில் மைமூன் நனைந்துகொண்டு நிற்கிறாள். அவளுக்கும் இந்த வழக்கம் தெரியும். "நான் போயிட்டு வரேன் அக்கா" என்று திரும்பினாள்.

அங்காயி விளக்கைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள். புருசன் கையை மெல்ல விலக்கினாள்.

"மகாலெட்சுமி போகட்டுமே. மைமூன் வீடு என்ன அசல் வீடா? ஒரு ராத்திரி தங்கிட்டுக் காலையில வருவா" என்று சொல்லி, சட்டியைத் தூக்கி மைமூன் இடுப்பில் வைத்தாள்.

அந்த வார்த்தையைக் கேட்ட மைமூன் கண்ணைத் துடைத்தாளா, மழையைத் துடைத்தாளா, தெரியாது. காளியப்பன் மட்டும் அவசரமாகக் குனிந்து உப்புச் சாடியை மடியில் வைத்துக்கொண்டான். "மாவு போனாப் போகுது. உப்பைத் தர மாட்டேன்" என்றான்.

விடிந்தது. அங்காயி வெறும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சந்தின் வாயில் உதுமான் வந்தார். தோளில் மாவுச்சட்டி, கையில் தேங்காய்ச் சிரட்டையில் வீட்டு அடுப்பு நெருப்பு. பின்னாலேயே வண்டிக்காரர்கள், பார்த்துக்கொண்டே.

சட்டியை இறக்கினார். மூடியிருந்த வாழை இலையை மாவு முட்டித் தூக்கி நின்றது. இலையை எடுத்ததும் மாவு மெல்ல மூச்சு விட்டது. அங்காயி கை கூப்பிவிட்டாள். கடல்மேல் ரயில் போனபோது கும்பிட்டாளே, அதே கும்பிடு. அங்கே ஆயிரம் பேர் நாலு வருசம் கல்லைக் கொட்டினார்கள். இங்கே ஒரு பொம்பிளை கையளவு வெள்ளை வில்லையால் ஒரு ராத்திரியில் இரண்டு கரையைச் சேர்த்திருந்தாள்.

உதுமான் சிரட்டை நெருப்பைத் தன் அடுப்பில் போட்டு ஊதினார். அங்காயி ஊற்றிய முதல் ஆப்பத்தை இலையில் வாங்கினார். எல்லார் கண்ணுக்கும் முன்னால், நின்றபடியே பிட்டு வாயில் போட்டு மென்றார்.

"உப்பு இல்ல" என்றார்.

காளியப்பன் மடியைத் தடவிக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். முதலில் அர்ச்சுனன் வெடித்தான், பிறகு சந்தே சிரித்தது. மலாய் வண்டிக்காரர் ஒருவர், என்னவென்று விளங்காமலே சிரித்துக்கொண்டு, பலகையில் உட்கார்ந்து ஓர் ஆப்பத்துக்குக் கை நீட்டினார். காளியப்பன் எழுந்து நொண்டிக்கொண்டே போய் அவர் இலையில் தானே உப்புத் தூவினான்.

அதன்பிறகு அந்தச் சந்து அணையவில்லை. மாவு ஒரு வீட்டில் அரைபட்டு இன்னொரு வீட்டில் பொங்கியது, வெள்ளிக்கிழமையும் சேர்த்துத்தான். அடுப்புகள் கூடிக்கொண்டே போய்ச் சந்தையைத் தொட்டன. புதிதாக வருகிறவன் உட்காரும் முன் அங்காயியிடம் வந்து, "இங்க எது வேகலை?" என்று கேட்டுக்கொண்டு, வேகாததைத்தான் கொண்டுவருவான்.

ரப்பர் விலை நன்றாக ஏறி, தோட்டங்கள் ஆளுக்குப் பறந்த சமயத்தில், ரெங்கத்துக் கங்காணியே ஆள் சேர்க்க ஜொகூர் பாருவுக்கு வந்தார். சந்துக்குள் தலைப்பாகையோடு நுழைந்து, ஆப்பப் புகைக்கு அந்தப் பக்கம் நின்று, பிரட்டில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

"அங்காயி!"

காளியப்பன் கை ஆட்டுக்கல்லில் நின்றுவிட்டது. அங்காயிக்கு "ஆமாங்க" என்பது நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை விழுங்கினாள். சட்டியை ஒரு சுழற்றுச் சுழற்றி மாவை விளிம்புவரை ஓடவிட்டு, மூடிவைத்துவிட்டு, அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க கங்காணி ஐயா. ரயில்ல வந்த களைப்பு இருக்கும். காக்கா, ஐயாவுக்கு ஒரு டீ குடுங்க" என்றாள். பிறகு பலகையைச் சுற்றி நின்ற வண்டிக்காரர்களைக் கரண்டியால் காட்டினாள்.

"ஆப்பத்துக்கு மட்டும் கொஞ்சம் வரிசையில நில்லுங்க. இவங்க உங்களுக்கு முன்னாடி வந்தவங்க."

கங்காணி ஒரு நிமிசம் அவளைப் பார்த்தார். வரிசையாக எரிகிற அடுப்புகளைப் பார்த்தார். வந்த காரியத்தை வாய் திறந்து சொல்லவேயில்லை. தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரிசைக் கடைசியில் போய் நின்றார்.